சுழி பாத்து வாங்குடா போட்டை

ஏண்டா பேராண்டி, இங்க கோழி கூப்பிடுற நேரத்துல வாட்சப்புல ரெண்டு போட்டுப் படத்தை அனுப்பி, "தாத்தா, எதை வாங்கட்டும்?"னு கேட்டிருக்கியே, யாருகிட்ட கேக்குறோம்னு ஒனக்கு நெனப்பு இருக்கா? நீ பிரிஸ்பேன்ல கடலப் பாத்து உக்காந்திருக்க. நான் திருச்சுழிக்குத் தெக்க, வத்திப்போன கம்மாய்க் கரையில உக்காந்திருக்கேன். எனக்கு முன்னால அலையடிக்கிறது வேலிக்கருவைதான்.

ஊரு பேருக்கு மட்டும் குறைச்சலில்ல. பிரளயம் வந்தப்ப ஈசன் சூலத்தால பூமியக் குத்துனாராம். வெள்ளம் அம்புட்டும் சுழிச்சுக்கிட்டு உள்ள போயிருச்சாம். அதனாலதான் திருச்சுழின்னு தலபுராணம் சொல்லுது. அன்னைக்கு உள்ள போன தண்ணிதான், இன்னும் மேல வரல. அதைத் தேடித்தான் ஆளாளுக்கு ஆயிரம் அடிக்கு போர் போட்டுக்கிட்டு இருக்கோம்.

இருந்தாலும் கேட்டுட்ட. கேக்காதவனுக்கே யோசனை சொல்ற ஊரு இது. கேட்டவன விட்டுருவமா?

போட்டைப் பத்தி 43 வரி எழுதி ஒரு எக்செல் தாளு அனுப்பியிருக்கியே, அதை ஒந் தங்கச்சிய வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டும் அஞ்சரை மீட்டர் நீளம். ரெண்டுலயும் 7 பேரு உக்காரலாம். ரெண்டுக்கும் பின்னால தொங்குற இஞ்சின், ஒண்ணுக்கு 90 குதிரை, இன்னொண்ணுக்கு 115. மத்த நாப்பது வரியும் மெத்தை நெறம், பாட்டுப் பெட்டி, டம்ளர் வைக்கிற குழி. ஒண்ணுல ஆறு குழி, இன்னொண்ணுல ஒம்பது. இதுக்குத்தான் மூணு மாசமா தூக்கம் கெட்டுக் கெடக்கியா? ஒம்பது குழியிலயும் எதை வைப்பான்னு ஒங்கப்பத்தா கேக்குறா. எனக்குத் தெரியும். சொல்லல.

எங்கய்யா மாடு பிடிக்கச் சந்தைக்குப் போவாரு. பல்லைப் பிடிச்சுப் பாப்பாரு, குளம்பத் தட்டிப் பாப்பாரு, சுழி பாப்பாரு. தரகன் துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவான். இம்புட்டும் பாத்த பிறகும் ரெண்டு மாடு ஒண்ணுபோலவே நின்னா என்ன செய்வாருங்கிற? கொம்புல இருக்கிற சாயத்தையா பாப்பாரு? வண்டியில பூட்டி, குண்டாத்து மணல்ல எறக்கி ஏத்தச் சொல்லுவாரு. எது மூக்குல நொரை தள்ளாம மேடேறுதோ அதுக்குத்தான் காசு. தரகன் மூஞ்சி சுண்டும். சுண்டட்டுமே.

நீ ரெண்டு போட்டையும் எங்க பாத்த? கடையில, விளக்கு வெளிச்சத்துல, கார்ப்பெட்டு மேல. தண்ணியில விட்டுப் பாத்தியா? ஒம் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைக, மாமியா, சோத்து மூட்டை அம்புட்டையும் ஏத்திக் காத்தடிக்கிற நாள்ல ஓட்டிக் காட்டச் சொன்னியா? சும்மா நிக்கிற போட்டு எல்லாமே அழகுதாண்டா. சந்தையில நிக்கிற மாடும் அப்பிடித்தான்.

இந்தக் கெழவனுக்குப் போட்டப் பத்தி என்ன தெரியும்னு நீ நினைக்கிறது இங்க கேக்குது. எங்க குண்டாறு மூக்கையூர்ப் பக்கம் கடல்ல சேருதுன்னு மேப்புல போட்டிருக்கான். அந்த ஆத்துத் தண்ணி போய்ச் சேந்ததை விட நான் போய்ச் சேந்தது அதிகம். மூட்டக்கரி லாரியில போன காலத்துலயே அங்க போட்டு வச்சிருக்கிற ஒரு சம்மாட்டி பழக்கம். ஒம் படத்தைத் தூக்கிக்கிட்டு அவருகிட்டயே போனேன். அவரு கண்ணைச் சுருக்கிப் பாத்துட்டு, குழியவும் கேக்கல, மெத்தையவும் கேக்கல. "அந்த ஊருல இஞ்சினப் பிரிக்கிறவன் கரையில எம்புட்டுத் தூரத்துல இருக்கான்?"னாரு. அம்புட்டுதான் கேட்டாரு. ஒன்னோட 43 வரியில அந்த வரி எங்கடா?

அடியப் பத்தியும் சொன்னாரு. அடிப்பாகம் கத்தி மாதிரி ஆழமா எறங்குனா அலையக் கிழிச்சுக்கிட்டுப் போகும், இடுப்பு நோகாது. ஆனா நிறுத்திப்போட்டுத் தூண்டி போட்டா அங்கிட்டும் இங்கிட்டும் உருளும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். அடி தட்டையா இருந்தா நின்ன எடத்துல அம்மிக்கல்லு மாதிரி நிக்கும். அலையில போனா முதுகெலும்ப எண்ணிக் குடுத்துரும். நீ போறது காயலு மாதிரி அடங்குன தண்ணியா, இல்ல அலை புரளுற எடமா? அதைச் சொல்லாம 'எது நல்ல போட்டு'ன்னு கேட்டா, கரிசலா செவலான்னு சொல்லாம எந்த வெதை நல்லதுன்னு கேக்குறவன் மாதிரிதான்.

பெறகு அந்தக் குதிரைக் கணக்கு. 115 குதிரைய முழுசா முறுக்குனா மணிக்கு 40 லிட்டர் பக்கம் பெட்ரோல் போகுமாம். குதிரையாடா அது? கொள்ளு திங்கிற யானை! 90-ம் ஒண்ணும் பட்டினி கிடக்காது, ஏழெட்டு லிட்டர் கம்மியாத் திங்கும். எதுவா இருந்தாலும் சம்மாட்டி கணக்கு ஒண்ணுதான். இருக்கிற எண்ணெயில மூணுல ஒரு பங்கு போறதுக்கு, ஒரு பங்கு வர்றதுக்கு, ஒரு பங்கு காத்து திரும்புனா. கடல்ல பங்க் கிடையாது. மதுரை ரோட்டுல மாதிரி காலி பாட்டலைத் தூக்கிக்கிட்டு நடக்கவும் முடியாது.

இந்தத் தொங்கு இஞ்சின் கதை தெரியுமா? அமெரிக்காவுல ஓலி எவின்ரூட்னு ஒருத்தர், நார்வேயில பொறந்தவரு. வெயில் காலத்துல ஏரிக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, கட்டிக்கப் போற பொண்ணு ஐஸ்கிரீம் கேட்டுச்சாம். மனுசன் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போயி வாங்கிட்டு வர்றதுக்குள்ள உருகிப் போச்சாம். அந்த ரோசத்துல இஞ்சினச் செஞ்சு 1909-ல விக்க ஆரம்பிச்சிட்டாருன்னு சொல்லுவாக. பொம்பள ஒரு வார்த்த சொன்னா ஆம்பள என்னெல்லாம் செய்யுறான் பாரு. ஒங்கப்பத்தா அருப்புக்கோட்டை மல்லிப்பூ கேட்டா நான் மஞ்சப்பையத் தூக்கிக்கிட்டு நடந்தேன், ஒண்ணும் கண்டுபிடிக்கல. ஆனா அந்த எவின்ரூட் பேருல வந்த இஞ்சினையே 2020-ல நிறுத்திட்டாக. நூறு வருசத்துக்கு மேல ஓடுன பேருக்கே அந்த கதி. இன்னைக்கு மினுக்குற கம்பெனி நாளைக்கு சாமான் குடுப்பானான்னு யோசிச்சியா? சம்மாட்டி அந்தக் கேள்வியச் சும்மா கேக்கலடா.

இப்ப சிரிக்காமக் கேளு. உங்க ஊருப் போட்டுகள்ல ஒரு தகடு அடிச்சிருப்பானாமே, எத்தனை பேரு, எம்புட்டு எடை, எம்புட்டு பெரிய இஞ்சின்னு. அந்தத் தகடு சொல்றதுதான் சாமி வாக்கு. "7 பேருதான, சின்னப் பிள்ளைக நாலு பேரு கூட ஏறட்டும்"னு நம்மாளு பொங்கலுக்கு மினி பஸ்ஸுல ஏத்துற புத்திய அங்க காட்டாத. கேரளாவுல தானூர்ல 2023 மே 7-ல உல்லாசப் படகு கவுந்து 22 பேரு செத்தாக. ஏத்த வேண்டியதுக்கு மேல ஆளு. தேக்கடியில 2009 செப்டம்பர் 30-ல 45 பேரு. காட்டு மிருகத்தப் பாக்க எல்லாரும் ஒரு பக்கம் சாஞ்சாகன்னு அன்னைக்குப் பேச்சு. டூருக்குப் போன சனம்டா. தண்ணியில மிதக்க வைக்கிற சட்டை மேல கெடந்திருந்தா எத்தனை பேரு வீட்டுக்கு வந்திருப்பாக!

இஞ்சின் ஓடும்போது பின்னால சின்னதா தண்ணி பீச்சும், பாத்திருக்கியா? சம்மாட்டி அதை 'மூத்திரம்'னு சொல்றாரு. அது வருதான்னு பாக்காம ஒரு அடி நகராதேங்கிறாரு. நின்னுபோச்சுன்னா இஞ்சினுக்கு ஒடம்பு சூடேறுதுன்னு அர்த்தம். மனுசனுக்கும் அது நின்னா ஆபத்துதான். அப்பறம் செவப்பு கயிறு ஒண்ணு தொங்கும், அதைக் கையில மாட்டிக்க. நீ தவறி விழுந்தா கயிறு பிடுங்கி இஞ்சின் நின்னுரும். இல்லேன்னா போட்டு ஒன்ன விட்டுட்டுத் தனியா ஊரு சுத்தும்.

கடல்ல ஓட்டிட்டு வந்தா ஒவ்வொரு தடவையும் இஞ்சினுக்குள்ள நல்ல தண்ணி விட்டுக் கழுவணுமாமே? உப்பு அரிச்சுருமாம். ஏண்டா, இங்க குடிக்கிற தண்ணிய வண்டிக்காரன்கிட்ட குடம் கணக்குல காசு குடுத்து வாங்குறோம். அங்க இஞ்சின் குளிக்குது நல்ல தண்ணியில. ஒங்கப்பத்தா அதைக் கேட்டுட்டு ரெண்டு நிமிசம் பேசவேயில்ல.

இன்னொண்ணு. வருசத்துல எத்தனை நாள் ஓட்டுவ? உண்மையச் சொல்லு. ஒந் தெருவுல நாலு வீட்டு வாசல்ல போட்டு தார்ப்பாய் போத்திக்கிட்டு நிக்குதுன்னு நீயே வீடியோவுல காமிச்ச. நம்மூருல மூணு ஏக்கர் மானாவாரிய வச்சுக்கிட்டு ஒருத்தன் டிராக்டர் வாங்குனான். வருசத்துல ஒம்பது நாள் உழுதான், மிச்ச நாளெல்லாம் கோழி அடைகாத்துச்சு. தவணை மட்டும் மாசாமாசம் உழுதுச்சு, அவனை.

சரி, நேத்து நீ பேசும்போது வாய் தவறி ஒண்ணு சொன்ன. 90 குதிரைக்காரனோட மெக்கானிக்கு ஒங்க வீட்டுல இருந்து கால் மணி நேரம். 115-க்கு ரெண்டு மணி நேரம் போகணும். பெறகென்னடா 43 வரி? காத்தடிக்கிற நாள்ல ஓட்டிக் காட்டச் சொல்லு, ஓட்டம் ஒத்துவந்தா 90-ஐ வாங்கு. மிச்சக் காசுல அந்த மிதவைச் சட்டைய ஆளுக்கு ஒண்ணா வாங்கு. சின்னவளுக்கு அவ எடைக்கு சரியா இருக்கிறதை வாங்கு. வளர்ற பிள்ளைதானன்னு ரெண்டு சைஸ் பெருசா எடுத்துறாத. அது பள்ளிக்கூடச் சட்டை இல்ல.