விக்கிரவாண்டியில் லத்தீன்

லத்தீன் செத்துப்போன மொழி என்று சொல்கிறவர்கள் சென்னையிலிருந்து திருச்சிக்கு ராத்திரி பஸ்ஸில் போயிருக்க மாட்டார்கள். திண்டிவனம் தாண்டியதும் அது எழுந்து உட்கார்ந்துகொள்ளும். விழுப்புரம் வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு, விளக்குப் போட்ட போர்டுகளில் அதன் பிள்ளைகள்தான் மாறி மாறி நிற்கிறார்கள்: ஓட்டல், மோட்டல், ஆஸ்பத்திரி, ஆஸ்டல். நாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாயின் பெயர் ‘ஹோஸ்பெஸ்’.

ரோமானியர்கள் விருந்து வைப்பவரையும் ஹோஸ்பெஸ் என்றார்கள், விருந்துக்கு வந்தவரையும் ஹோஸ்பெஸ் என்றார்கள். இன்றைக்கு நீ என் வீட்டில், நாளைக்கு நான் உன் வீட்டில். பில் யார் கொடுப்பது என்ற பேச்சே எழாத காலம். வந்தவரைத் தங்கவைக்கும் இடத்துக்கு இந்தச் சொல்லிலிருந்தே ஒரு பெயர் பிறந்தது. யாத்திரிகர், ஏழை, நோயாளி எல்லாரும் அங்கே ஒரே கூரையின் கீழ்தான் படுத்திருந்தார்கள். பிறகு பாகப்பிரிவினை நடந்தது. நோயாளிகள் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டார்கள், காசுள்ளவர்கள் ஓட்டலை எடுத்துக்கொண்டார்கள், மாணவர்களுக்கு ஆஸ்டல் மிஞ்சியது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பாகப்பிரிவினையில் சரியாகக் கையெழுத்துப் போடவில்லை போலிருக்கிறது. பாரிஸில் மிகப் பழைய ஆஸ்பத்திரிக்கு இன்றும் ‘ஓத்தெல் தியூ’, அதாவது கடவுளின் ஓட்டல் என்றுதான் பெயர். நகராட்சி அலுவலகம் அவர்களுக்கு ‘ஓத்தெல் த வீல்’. திண்டிவனத்தில் பிரிந்து பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்த ஓட்டலில் உட்கார்ந்து தோசை கேட்டால் வீட்டு வரி ரசீதுதான் வரும்.

மோட்டல் கடைக்குட்டி. 1925இல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ ஊரில், காரில் வருகிறவர்கள் இரவு தங்கிப் போகக் கட்டிய விடுதிக்கு மோட்டாரையும் ஓட்டலையும் ஒட்டவைத்து இந்தப் பெயரை வைத்தார்கள். நம் ஊருக்கு வந்தபோது பெயர் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. அறையும் கட்டிலும் வழியிலேயே இறங்கிவிட்டன. அமெரிக்க மோட்டலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குவார்கள். நம் மோட்டலில் வண்டியை நிறுத்திவிட்டு, தூங்குகிறவனை எழுப்புவார்கள்.

எழுப்புவதற்கென்றே ஒரு பையன் இருக்கிறான். பஸ்ஸின் தகரத்தைக் கட்டையால் தட்டிக்கொண்டே, “வண்டி பத்து நிமிசம் நிக்கும்! டீ, காபி, டிபன் சாப்பிடறவங்க சாப்பிடலாம்!” என்பான். கும்பகர்ணனுக்கு யானைப்படை தேவைப்பட்டது. நமக்கு அவன் ஒருத்தன் போதும்.

விக்கிரவாண்டிப் பக்கம் அப்படி ஒரு மோட்டலில் இறங்கி, “ஏன் தம்பி, ஒரு தோசை இந்த விலையா?” என்று கல்லாவில் கேட்டேன்.

“ஹைவேஸ்ல அப்படித்தாண்ணே” என்றார் அவர், தோசைக்கான மாவை நெடுஞ்சாலைத் துறையே அரைத்து அனுப்புவதுபோல. சுங்கச்சாவடியில் வசூல் வண்டிக்கு. அதில் விட்டுப்போனதை இங்கே தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்கிறார்கள்.

டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ளே தனி அறை. அங்கிருந்து வந்த குழம்பு வாசனையும் எங்கள் மேஜையில் இருந்த குருமாவும் ஒரே அடுப்பில் பிறந்தவை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். லத்தீன் இதற்கும் இடம் வைத்திருக்கிறது. ஹோஸ்பெஸ்ஸின் கூடப் பிறந்த சொல் ‘ஹோஸ்திஸ்’. முதலில் அதற்கு ‘அந்நியன்’ என்று பொருள். பிற்பாடு ‘எதிரி’ என்று ஆகிவிட்டது. உள்ளே சாப்பிடுகிறவர்கள் ஹோஸ்பெஸ். வெளியே டோக்கனோடு நிற்கிற நாங்கள் இறங்கும்போது அந்நியர்கள், சில்லறை இல்லை என்றதும் எதிரிகள். ரோமாபுரியில் பல நூற்றாண்டு பிடித்த பொருள் மாற்றம் இங்கே பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

பஸ் கிளம்பியதும் அடுத்து வருவது முண்டியம்பாக்கம். அங்கே 2010இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி, ஆஸ்பத்திரியோடு இயங்குகிறது. மோட்டல் முதலில், ஆஸ்பத்திரி அடுத்து. அகராதிக்காரர்கள் எழுதிவைத்த வம்சாவளியை நெடுஞ்சாலைக்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியான வரிசையில் அமைத்துவிட்டார்கள்.

தமிழ் மட்டும் என்ன இளைத்ததா? வந்தவரை வாசலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் அமிர்தம் சாப்பிடுவதுகூடத் தகாது என்று திருக்குறளின் 9ஆவது அதிகாரத்திலேயே வள்ளுவர் சொல்லிவிட்டார். பஸ்ஸுக்குள் குறள் எழுதிவைக்கிறார்கள். இந்தக் குறளை மட்டும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

தொல்காப்பியத்துக்குப் போனால் விருந்து என்றாலே ‘புதிது’ என்றுதான் பொருள். சொல்லின் இந்தப் பழைய பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவர் மோட்டல்காரர் ஒருவர்தான். குருமா பழசாக இருக்கலாம். ஆனால் சாப்பிட வருகிறவர்கள் அத்தனை பேரும் புதியவர்கள். ஏற்கெனவே ஒருமுறை சாப்பிட்டவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்குவதில்லை.