வெறகுக்காரன்கிட்ட யோசனை கேட்டா

மருமகனே, நீ அனுப்பின போட்டோ வந்து சேந்துச்சு. கறுப்பு இரும்புப் பெட்டி, முன்னாடி கண்ணாடிக் கதவு, உள்ள தீ தகதகன்னு ஆடுது, பக்கத்துல ஒரு நாய் படுத்திருக்கு. மூவாயிரம் பவுண்டுன்னு போட்டிருக்க. நாயும் சேத்தா, நாய் தனியான்னு எழுதல. “மாமா, நீங்க முப்பது வருஷம் கரிமூட்டம் போட்டவரு, இதை வாங்கலாமா?”ன்னு வேற கேட்டிருக்க. லண்டன்ல அடுப்பு வாங்க, கருவேலங்காட்டுல கரி சுட்டவன்கிட்ட யோசனை கேக்குற. எனக்குக் கசக்குமா? சொல்றேன், கேட்டுக்க.

வாங்கு. கட்டாயம் வாங்கு.

குளிருக்குன்னு மட்டும் சொல்லாத. உன் வீட்டுல சுவத்துக்குச் சுவரு வெந்நி ஓடுற இரும்புத் தட்டி இருக்கு. போன தை மாசம் வந்தப்ப அதுலதான் என் வேட்டியக் காயப்போட்டேன். அரை மணியில அப்பளமாட்டம் மொறுமொறுன்னு ஆயிருச்சு. குளிருதுன்னு நீ சொன்னா அந்த வேட்டி சிரிக்கும். அழகுக்குன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். அந்த ஊரு அரசாங்கம் எடுத்த கணக்குலயே, வீட்டுக்குள்ள வெறகு எரிக்கிறவங்கள்ல பாதிக்குக் கிட்ட நல்ல உத்தியோகம் பாக்குற மேல்தட்டு ஆளுகதானாம். உம்மக போன்ல படிச்சுச் சொன்னா. எங்க பக்கம் வெறகு எரிச்சா கேஸ் வாங்க வக்கில்லாதவன். உங்க பக்கம் எரிச்சா வசதி முத்திப்போனவன். வெறகு ஒண்ணுதான், எரிக்கிற கைதான் வேற.

வெறகு வாங்குறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 2021 மே மாசத்துலேருந்து இங்கிலாந்துல, 2 கன மீட்டருக்குக் கொறஞ்சு விக்கிற வெறகுல ஈரம் 20 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம். ‘எரிக்கத் தயார்’னு முத்திரை குத்தித்தான் விக்கணும். ஈரம் பாக்க ரெண்டு முள்ளு வச்ச ஒரு சின்னக் கருவி கடையில கிடைக்குதாம், கட்டையப் பொளந்து அந்தப் பொளந்த பக்கத்துல குத்திப் பாக்கணும். நாங்க ரெண்டு கட்டையத் தட்டித்தான் பாப்போம். ‘டங்’குனு மணியாட்டம் கேட்டா காஞ்சது, ‘தொப்’புனு கேட்டா பச்சை. பச்சைக்கட்டை எரியுறதில்ல மருமகனே, அவியுது. தீயில ஒரு பங்கு அந்தத் தண்ணிய ஆவியாக்கவே போயிரும். மிச்சச் சூட்டுல கட்டை சரியா எரியாம, தார் மாதிரிப் புகை எந்திரிச்சு உன் புகைக்கூண்டுக்குள்ள பிசினாப் படியும். அந்தப் பிசின் ஒருநாள் பத்திக்கும். அன்னைக்கு உனக்கு அடுப்பு ஒண்ணு இல்ல, கூரையோட ரெண்டு.

அந்த ஊருக்காரன் புகையில பாடம் படிச்சவன்டா. 1952 டிசம்பர் 5-ஆம் தேதி லண்டனப் பிடிச்ச புகைமூட்டம், அஞ்சு நாள் எந்திரிக்கல. அது வெறகு இல்ல, நிலக்கரி. காத்து அசையாம நின்னதால, வீட்டு அடுப்புல வந்ததும் ஆலையில வந்ததும் ஊரு மேலயே மூடி போட்டாப்புல உக்காந்துக்கிச்சு. ஒரு அரங்கத்துல பாட்டு நாடகத்தப் பாதியில நிறுத்திட்டாங்க. புகை உள்ள வந்து மேடைய மறைச்சிருச்சு. அது போகட்டும், நாடகந்தானே. அப்போ அங்க ஸ்மித்ஃபீல்டு கண்காட்சி. பரிசு வாங்கன்னு கொண்டாந்த மாடுக, பாத்துப் பாத்துத் தீனி போட்டு வளத்ததுக, கட்டுத்தறியிலயே மூச்சு வாங்கிச் சரிஞ்சிருக்கு. இதை உம்மக வாசிச்சப்ப நான் வாயத் தொறக்கல. மாட்டுக்கு மூச்சு முட்டுறதப் பாத்திருக்கியா? நாக்கு வெளிய வந்து, கண்ணு நம்மளையே பாக்கும். செத்த மனுசங்க 4,000 பேருன்னு மொதல்ல சொன்னாங்க, அப்புறம் ஆராய்ஞ்சவங்க 12,000 வரைக்கும் போறாங்க. அரசாங்கம் கொஞ்ச நாள் ஃப்ளூ காய்ச்சல் மேல பழியப் போட்டுப் பாத்துச்சு. எல்லா ஊருலயும் அரசாங்கம் அரசாங்கந்தான். கடைசியா 1956-ல சுத்தக் காத்துச் சட்டம் வந்துச்சு.

அந்தச் சட்டத்துல வந்ததுதான் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. லண்டன்ல முக்காவாசி அதுக்குள்ளதான் வருது. உன் கூண்டுல புகை வந்தா 300 பவுண்டு வரைக்கும் தண்டம். அனுமதிப் பட்டியல்ல இருக்கிற அடுப்புன்னா வெறகு எரிக்கலாம், உன் நாய் அடுப்பும் அதுல இருக்கும். பயப்படாத, சட்டம் இருக்குறது வேற, அது நடந்து வீட்டுக்கு வர்றது வேற. புகாரு ஆயிரக்கணக்குல போகுது, தண்டம் கட்டினவங்கள விரல்விட்டு எண்ணிரலாமாம். ராத்திரி எட்டு மணிக்கு எந்த ஆபீசரு குளிருல நின்னு உன் கூரையப் பாக்கப் போறான்? பக்கத்து வீட்டுக் கிழவி பாப்பா, அவ்வளவுதான். எனக்குக் கேக் குடுத்தாளே, கையில எப்பவும் இழுப்பு மருந்து வச்சிருப்பாளே, அவதான். கூண்ட அவ ஜன்னலுக்கு எதுத்தாப்புல வச்சிரு. கிறிஸ்துமஸுக்கு ஒரு கட்டு வெறகும் பரிசாக் குடு.

“மரம் எரிக்கிறது சுற்றுச்சூழலுக்கு நல்லது மாமா, எரிச்ச கரிய இன்னொரு மரம் உறிஞ்சிக்கிரும்”ங்கிற. உறிஞ்சும். நாப்பது வருஷம் உறிஞ்சி வளந்தத நீ ஒரு சனிக்கிழமை சாயந்தரம் எரிப்ப, அடுத்த கன்னு நாப்பது வருஷம் மூச்சப் பிடிச்சுக்கிட்டு உன் கணக்கத் தீக்கணும். கடன் வாங்கிப் பொண்ணு கட்டிக்குடுத்தவன் மாதிரி பேசுற.

அதோட நிக்கலியே. கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி, தலைமுடித் தடிமன்ல முப்பதுல ஒரு பங்கு, நெஞ்சுக்குள்ள போனா வெளிய வர வழி தெரியாதது. அந்த நாட்டுல, ரோட்டுல ஓடுற அத்தனை வண்டியும் புகைக்குழாய் வழியா விடுறதைவிட, வீட்டுல எரியுற வெறகு விடுறது ஜாஸ்தி. ஷெஃபீல்டுங்கிற ஊருல 19 வீட்டுல கருவி வச்சு 2020-ல சொல்லியிருக்காங்க: அடுப்பு எரியுற வீட்டுக்குள்ள இந்தத் தூசி, அடுப்பு எரியாதப்ப இருக்கிறதுல மூணு மடங்குக்குப் போகுது. அந்தக் கண்ணாடிக் கதவத் தொறந்து கட்டை வைக்கிறப்பத்தான் குபுக்குன்னு வருதாம். அதனால கதவத் தொறக்காமக் கட்டை வைக்கப் பழகிக்க. படிச்சவன், வழி கண்டுபிடிப்ப.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. மூட்டம் போட்டா நாலஞ்சு நாள் புகையும். மொதல்ல வெள்ளையா வரும், அது தண்ணி. வரவர மெலிஞ்சு நீலமாகும். அதப் பாத்தே உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிருவேன். அந்த நெஞ்சுதான் இப்ப ராத்திரி விசிலடிக்குது. ஆனா நான் மூட்டத்த ஊருக்கு வெளிய போட்டேன், நீ ஹால்ல போடுற. போன தை மாசம் உங்க தெருவுல நடக்கும்போது, “ஆஹா, நம்ம ஊரு வாசம் மாமா!”ன்னு மூக்க விரிச்சு இழுத்தியே, அது எவனோ பெயிண்டு அடிச்ச பழைய பலகைய எரிச்ச வாசம். நீ அம்புட்டு ஆசையா இழுத்தியா, சொல்ல மனசு வரல.

ஒண்ண மட்டும் நெனச்சுப் பாத்தேன். மொதச் சம்பளத்துல ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பத் தூக்கிக்கிட்டு வந்து, அடுப்பங்கரை வாசல்ல நின்னு உங்கம்மாவுக்கு ஒரு பிரசங்கம் பண்ணுன. புகை வெசம், நுரையீரல் போயிரும், கண்ணு போயிரும்னு. அவ கேட்டுக்கிட்டே இருந்தா. அந்தச் சுவத்துல அஞ்சு தடவ சுண்ணாம்பு அடிச்சும் கறுப்பு எட்டிப் பாத்துச்சு, ஞாபகம் இருக்கா?

நேத்து உன் போட்டோவ அவகிட்ட நீட்டினேன். கண்ணாடிய நெத்திக்குத் தூக்கிவிட்டு, போனை மூக்குக்கிட்ட வச்சு ரொம்ப நேரம் பாத்தா. நாயப் பாத்து ஒண்ணும் சொல்லல.

“ஊதாங்குழல எங்க வச்சிருக்கான்?”ன்னு கேட்டா.

பரண்ல அவளோடது கெடக்கு. தொடச்சு பார்சல்ல போடச் சொல்றா. அட்ரஸ் அனுப்பு.