அலை தாண்டிய மாளிகை

கேள்வி: கடலோரத்தில் ஒரு சொகுசு மாளிகை, சுற்றிலும் தென்னஞ்சோலை, ஏவலுக்கு ஆட்கள். இப்பாக்கியம் கிட்டியவருக்கு இன்னும் என்ன வேண்டும்?

பதில்: உடுத்திய துணியை உயர்த்திக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும்! இலங்கையின் தென்கரையில், வெலிகமக் குடாவில், தப்ரபேன் என்னும் சின்னஞ்சிறு தீவின்மீது, 1920-களில் த மோனி என்ற பிரெஞ்சுக்காரர் எண்கோண மண்டபத்துடன் எழுப்பியதும், 1950-களில் அமெரிக்க நாவலாசிரியர் பால் பௌல்ஸ் விலைக்கு வாங்கி வாசம் செய்ததும் (எழுதுவோர்க்கு அதனினும் உகந்த ஏகாந்தம் ஏது?), இன்று செல்வந்தர்கள் பெருந்தொகை கொடுத்துத் தங்குவதுமான அந்த ரம்மியமான மாளிகைக்குப் பாலம் கிடையாது, கரையிலிருந்து கூப்பிடு தூரமே ஆயினும், கோடீசுவரரும் கடலில் இறங்கி, நீர் பெருகும் வேளையில் இடுப்பளவும் நனைந்து, நடந்தே வாயிலை அடைய வேண்டும்.

கரையை வேலியிட்டு வளைத்து, தலைமுறை தலைமுறையாக அங்கே வலை உலர்த்தி வந்த மீனவரைச் சுற்றிப் போகச் செய்யும் விடுதிகள் பல்கிவரும் இக்காலத்தில், விருந்தினரை எல்லோருக்கும் பொதுவான மணலின் வழியாகவே அழைத்துச் செல்லும் அம்மாளிகையின்பால் எனக்கு மெய்யான மதிப்பு உண்டு.