பாட்டுக்காரரை எதுக்குடா டிக்கியில பூட்டுன?

வாடா பேராண்டி. திருச்சுழி விலக்குல திரும்புறப்பவே தெரிஞ்சுபோச்சு, நீதான் வாறேன்னு. பாட்டுக் கேட்டா? இல்லடா, உன் கார் நம்பர் பிளேட்டு அடிச்ச அடியில. 1879-ல ரமணர் பிறந்த ஊரு இது. பேசாமலே பாடம் சொன்ன மனுசன். அவரு ஊருக்குள்ள இப்படியா வர்றது?

என்னது, வெளிய இம்புட்டு அதிருது, உள்ள உக்காந்தா பேஸைக் காணோமா? அதுக்குப் பெரிய பாக்ஸு வாங்கணுமா? ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். டேய், நான் முப்பது வருசம் ஊர்ப் பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் மைக் செட்டு கட்டுனவன். கேளு.

கிராஸ்ஓவர்னா சல்லடை. அப்பத்தா கம்பு சலிக்கையில மாவு கீழ, குருணை மேல. அதே கணக்குதான். 80 ஹெர்ட்ஸுல ஒரு கோடு. அதுக்குக் கீழ உள்ள உறுமல் டிக்கி ஊஃபருக்கு, மேல உள்ள பாட்டு கதவு ஸ்பீக்கருக்கு. நீ என்ன வச்சிருக்க? டிக்கிக்கு 150, கதவுக்கு 60. ரெண்டும் ஒரே வரப்புல நின்னு மல்லுக்கட்டுது. பாடுறவரு குரலு பாதி பின்னால இருந்து வருது. அந்த மனுசனை எதுக்குடா ஸ்டெப்னியோட பூட்டி வச்ச?

அடுத்து ஃபேஸு. அருப்புக்கோட்டையில தறி பாத்திருக்கியா? கால் மிதிக்கிற நேரமும் கை நாடாவை விடுற நேரமும் ஒத்து வரலைன்னா சேலை வருமா, சிக்கு வருமா? 80 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டரு. கதவு ஒரு பக்கம், பாக்ஸு ஒரு பக்கம். 2 மீட்டரு முன்னப்பின்ன ஆனாலே ஒண்ணு தள்ள, ஒண்ணு இழுக்கும். உன் காதுக்கு என்ன மிஞ்சும்? போதாததுக்கு, 12 டெசிபல் சரிவு வச்சா சல்லடையே ரெண்டையும் நேரெதிராத் திருப்பி விட்டுரும். அதுக்குத்தான் 0, 180-ன்னு ஒரு பொத்தான் வச்சிருக்கான். அதை என்னைக்காச்சும் தொட்டியா?

முதல்ல 1.5 வோல்ட்டுப் பேட்டரிக்கட்டை ஒண்ணு எடு. ஆம்ப்ல இருந்து ஊஃபர் வயரைக் கழட்டு. கட்டையோட குமிழு பிளஸ்ல, அடி மைனஸ்ல. சும்மா தொட்டு எடு. கோன் வெளிய துள்ளுச்சா, சரி. உள்ள பம்முச்சா, எவனோ வயரை மாத்திக் கட்டியிருக்கான்.

பெறகு டிரைவர் சீட்டுல உக்காரு. கதவைச் சாத்து. போன்ல கோடு கோடா வரைஞ்சு பாக்குறியே, அதைக் கீழ வை. கூட்டாளியை விட்டு அந்த 0, 180 பொத்தானை அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளச் சொல்லு. எந்தப் பக்கம் நெஞ்சுல கும்முனு விழுகுதோ, அந்தப் பக்கமே விட்டுரு. செலவு? ஒரு பேட்டரிக்கட்டை.

பெரிய பாக்ஸுக்கு வச்சிருந்த காசை இப்படிக் கொடு. அப்பத்தாவுக்குக் காது மெஷினு வாங்கணும். ஏன் கேக்கலைன்னா கேக்குற? முப்பது வருசம் மைக் செட்டுக்காரனோட குடும்பம் நடத்துனவடா அவ.