கழற்றத் தெரிந்தவர்கள்

பழைய மகிந்திரா எம்.எம்.540 ஜீப் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. மெக்கானிக்கை நம்புகிறவர்கள், யூடியூபை நம்புகிறவர்கள். இரண்டாம் வகையினரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனால் கால் மட்டும் தெரியும். மீதி ஆள் வண்டிக்கு அடியில்.

இந்த வண்டியில் சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. பட்டை ஸ்பிரிங், டீசல் இன்ஜின், நட்டு போல்ட்டு, அவ்வளவுதான். ஆகவே யார் வேண்டுமானாலும் கழற்றலாம். வராத போல்ட்டுக்கு முதலில் டபிள்யூடி-40, பிறகு சுத்தியல், தலை முறிந்ததும் வெல்டிங் பட்டறை. திரும்ப மாட்டி முடித்தால் ஒரு வாஷரும் இரண்டு நட்டும் மிஞ்சும். “கம்பெனிக்காரன் சும்மா போட்டது சார்.” கியர்பாக்ஸ் ஆயில் சொட்டுகிறதே? “உள்ளே ஆயில் இருக்குன்னு அர்த்தம்.”

அடுத்தது அலங்காரம். ஆற்றைக் கடக்க ஸ்னார்கெல். இதுவரை கடந்தது வேளச்சேரி மழைத்தண்ணீர். சேற்றிலிருந்து மீள வின்ச். சேறு வரைக்கும் போக வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். முன்னால் இரும்பு பம்பர். அதைத்தான் 2017-லேயே மத்திய அரசு கூடாது என்றது. தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாதென்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அதனாலென்ன? எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று சோதனைக்கு முந்தின ராத்திரி வண்டிக்காரர் எல்லாவற்றையும் கழற்றுகிறார். மறுநாள் சாயங்காலம் மாட்டுகிறார். சொந்தக் கையால் ரிப்பேர் பழகியதன் முழுப்பயன் அன்றைக்குத்தான் தெரிகிறது.