முடிவு தெரிந்த கதை

கேள்வி: ‘ரோக் ஒன்’ படத்தில் முக்கியப் பாத்திரங்கள் எல்லாரும் செத்துவிடுகிறார்கள். முடிவு தெரிந்த கதையை ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: கர்ணன் சாவான் என்று தெரிந்தும் விடிய விடியக் கூத்துப் பார்ப்பவர்கள் நாம். நாமே இப்படிக் கேட்கலாமா?

1977-இல் வந்த முதல் படத்தின் தொடக்க எழுத்துகளில், புரட்சிப் படையின் ஒற்றர்கள் ‘டெத் ஸ்டார்’ வரைபடங்களைத் திருடிவிட்டதாக ஒரு தகவல் ஓடும். அந்த ஒற்றர்கள் யார்? விஷுவல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ஜான் நோல் அதைக் கதையாக யோசித்தார். கேரத் எட்வர்ட்ஸ் 2016-இல் படமாக்கினார்.

நிலவு மாதிரி பெரிய போர்நிலையமான அந்த டெத் ஸ்டார், முதல் படத்தில் இரண்டு மீட்டர் துவாரத்தில் விழுந்த குண்டுக்கு ஏன் வெடித்தது என்று ரசிகர்கள் பல காலம் கேட்டு வந்தார்கள். கட்டியவர்களில் ஒருவரான கேலன் எர்ஸோ வேண்டுமென்றே வைத்த பலவீனம் அது என்கிறது இந்தப் படம். ஓட்டையென்று நினைத்தது ஒரு தகப்பனின் பழிவாங்கல்! பழைய படத்தின் மதிப்பையே ஏற்றிவிட்ட பதில் இது.

குறையும் உண்டு. முதல் அரைமணி நேரம் கிரகம் விட்டுக் கிரகம் தாவுகிறது. முதல் படத்தில் நடித்து, 1994-இல் மறைந்த பீட்டர் குஷிங்கின் முகத்தைக் கணினியில் உருவாக்கியது எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. ஆனால் முடிவில் வரும் அந்த இருட்டு நடைவழி! பின்னால் வில்லன் டார்த் வேடர் வெட்டிச் சாய்த்துக்கொண்டு வர, திறக்காத கதவின் இடுக்கு வழியே வரைபடத் தகடு கைமாறும்போது நெஞ்சு அடைக்கிறது.

இதைப் பார்த்த கையோடு 1977 படத்தையும் போட்டுப் பாருங்கள். இளவரசி லேயா கையிலிருக்கும் தகட்டின் விலை அப்போது புரியும்.