பெடலைக் கழட்டுடா பேராண்டி

ஏம்ப்பா பேராண்டி, திருச்சியில மாசாமாசம் பணம் கட்டி இரும்பு தூக்குறியாமே! உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிப் பூரிச்சுப் போறா. நேத்து கோயில் வாசல்ல, "தூக்குப்பா"ன்னு உன் மக கையை நீட்டினா. குனிஞ்ச நீ "ஐயோ அம்மா"ன்னு போட்ட சத்தத்துல சாமியே ஒருக்கா எட்டிப் பாத்திருக்கும்.

பலம் இல்லாமயா? இருக்கு. கண்ணாடியைப் பாத்துத் தூக்குற பலம். புள்ளை கண்ணாடி முன்னாடியா விழுது? வேலிக்குள்ள விழும், கட்டிலுக்கடியில விழும். இடுப்பை வளைச்சு, கையை நீட்டி அள்ளாதே. கிட்ட போய் முட்டியை மடக்கிக் குந்து. நெஞ்சோட ஒட்ட அணைச்சுக்க. தொடையை ஊனி எந்திரி. குந்த வரலையா? நாற்காலி போட்ட கக்கூஸ் வந்த பெறகு நம்ம வம்சத்துல பாதிப் பேருக்கு அது மறந்துபோச்சு. மொதல்ல அதைப் பழகு. குட்டி 12 கிலோ இருப்பா. மாசத்துக்கு மாசம் எடை தானா ஏறும், சந்தா கேக்க மாட்டா. இந்த வசதி உன் ஜிம்முல உண்டா?

வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுதுன்னு போனைக் காட்டி வாசிச்சியே. 2 வயசுப் புள்ளை நாளைக்கு 180 நிமிஷம் ஓடியாடணும், போனு, டி.வி. எல்லாம் 1 மணி நேரத்துக்கு மேல ஆகாதுன்னும் அதே நிறுவனம்தான் சொல்லுதாம். நர்ஸம்மா சொல்லிட்டுப் போச்சு. அந்தப் பக்கம் வந்ததும் உன் விரல் வேகமாத் தள்ளிருச்சு போல.

சரி, சைக்கிளுக்கு வருவோம். ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் மாட்டி வாங்கியாந்திருக்கே. பாக்க அழகுதான். ஆனா திரும்பும்போது வண்டி சாயாது, புள்ளைதான் வெளிப்பக்கமா சாயும். நாளைக்கு அந்தப் பழக்கத்தை மறக்கடிக்க நீதான் மல்லுக்கட்டணும். இதுல, பெடலே இல்லாத சைக்கிளுன்னு வேற ஒண்ணுக்கு விலை சொன்னே பாரு, எனக்குக் காது அடைச்சுப்போச்சு. இருக்கிறதை விட இல்லாததுக்கு விலை கூடவா? 1817-ல ஜெர்மனியில கார்ல் ட்ரைஸ்னு ஒரு தொரை காலால உந்தி ஓட்டின மரவண்டிக்கும் பெடல் கிடையாதுன்னு நீயே சொன்னே. அவரு வைக்காம விட்டதுக்கு இன்னைக்கு நீ காசு குடுக்கப் போறியாக்கும்!

15-ம் நம்பர் ஸ்பேனரை எடு. குட்டிச் சக்கரத்தைக் கழட்டு, பெடலையும் கழட்டு. வலப்பக்கம் எல்லா மரையையும் போலத்தான் கழலும். இடப்பக்கம் தலைகீழ் மரை. தெரியாம மாத்தித் திருகினா இறுகிக்கிட்டே போகும், ஜிம்முல சேத்து வெச்ச பலமெல்லாம் அங்கேயே கரைஞ்சுரும். ரெண்டு பாதமும் தரையில முழுசாப் பதியுற அளவுக்கு சீட்டை இறக்கு. தலைக்கு ஹெல்மெட் மாட்டு. மணல்ல விடாதே, சக்கரம் புதையும். நம்ம களத்துல விடு.

மொதல்ல வண்டியைக் கவட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு நடப்பா. பெறகு உந்துவா. ஒரு நாளு ரெண்டு காலையும் தூக்கிக்கிட்டு வழுக்கிட்டுப் போவா. இடப்பக்கம் சாஞ்சா ஹேண்டில்பாரை இடப்பக்கமே ஒடிக்கணும்னு உடம்பு தானாக் கண்டுக்கும், நீ பாடம் எடுக்காதே. ஹேண்டில்பாரைப் பிடிச்சேன்னா ஓட்டுறது நீ, சும்மா உக்காந்திருக்கிறது அவ. என் பழைய சேலையைக் கிழிச்சு அவ நெஞ்சைச் சுத்திவிட்டு, ரெண்டு முனையையும் முதுகுப் பக்கம் பிடிச்சுக்க. நிமிந்தபடியே கூட ஓடலாம், இடுப்பும் பொழைக்கும்.

எனக்கு எவன் பிடிச்சான்? 1991-ல நம்ம புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் வந்துச்சு. பொம்பளைங்க எழுத்தும் படிக்கணும், சைக்கிளும் ஓட்டணும்னு கலெக்டரம்மா ஷீலா ராணி சுங்கத் ஒரே பிடியா நின்னாங்க. லட்சத்துக்கு மேல பொம்பளைங்க கத்துக்கிட்டோம். லேடீஸ் சைக்கிளு கிடைக்கல, ஆம்பளை சைக்கிள்லயே ஏறிட்டோம். "நடுக் கம்பி இடைஞ்சலாச்சே"ன்னாரு உங்க தாத்தா. அந்தக் கம்பியிலதான் உன் சின்ன அத்தையை உக்கார வெச்சு, கேரியர்ல தண்ணிக் குடத்தைக் கட்டி ஓட்டினேன். அப்ப உனக்கு இருக்கிற புஜம் எனக்கு ஏது? கொஞ்ச நாளு தெருவுல என்னைத் தெரியாதவரு கணக்கா நடந்தாரு உங்க தாத்தா. பெறகு குடத்தை இறக்கி வெச்சதும் கேரியர்ல ஏறி உக்காந்து சந்தைக்கு வந்தாரு.

என்ன முழிக்கிறே? களத்துக்குக் கிளம்பு. வீட்டுல தைலம் இருக்கு, தேய்ச்சுவிடத்தான் ஆளில்ல. உன் பொண்டாட்டிகிட்டக் கேக்காதே, அவளும் எங்கூடக் களத்துக்கு வாறா, சைக்கிள் கத்துக்க. கம்பி வெச்ச வண்டிதான் வேணுமாம், குட்டி முன்னாடி உக்காரணுமாம். கேரியர்ல உனக்கு இடம் உண்டான்னு இப்பவே பேசி வெச்சுக்க.